கலிஃபோர்னியால கவுன்ட்டி (மாவட்டம் மாதிரி) ரெக்கார்டை வச்சு கம்பேரபிள் (ஒப்பிட்டுப் பாக்க எடுக்குற, ஏற்கனவே வித்த வீடு) எடுக்குறப்போ எதை நம்பலாம்?

கேள்வி (புது ட்ரெய்னி):
வணக்கம்ங்க. இங்க அப்ரைசல் (வீட்டுக்கு மதிப்பு போடுற வேலை) ட்ரெய்னியா இருக்கேன். எம்எல்எஸ்-ல (ஏஜென்ட்டுகள் விற்பனை வீடுகளைப் போடுற லிஸ்ட்) வராம நேரா கைமாறின வீடுகளுக்கு கவுன்ட்டி ரெக்கார்டு தான் கதி, ஆனா அசெசர் (வரிக்காக மதிப்பு போடுற கவுன்ட்டி அதிகாரி) சைட்டுல பாத்தா ஒரே தெருவுல ஒரே சைஸ் ரெண்டு வீடு, ஒண்ணோட மதிப்பு இன்னொண்ணுல பாதி கூட வரல. டீட்-ல (சொத்தை மாத்திக் குடுக்குற பத்திரம்) விலையே எழுதல. வித்த விலையை எங்கேர்ந்து எடுப்பீங்க?

பதில் (மலைச்சாரல்):
அசெசர் மதிப்பை மார்க்கெட் விலையா எடுக்கவே எடுக்காதீங்க. 1978-ல வந்த ப்ரொபோசிஷன் 13-ங்கற சொத்து வரி சட்டப்படி கைமாறும்போதோ புதுசா கட்டும்போதோ தான் வரி மதிப்பை மார்க்கெட் விலைக்குக் கொண்டு வருவாங்க, அப்புறம் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏத்த முடியாது, அதனால ரொம்ப காலமா ஒரே ஓனர் கையில இருக்குற வீடு அடிமட்டத்துல தான் நிக்கும்.

விலைக்கு டீட்டோட முதல் பக்கத்துல டாக்குமென்டரி ட்ரான்ஸ்ஃபர் டாக்ஸ்னு (சொத்து கைமாறும்போது கட்டுற வரி) இருக்கும் பாருங்க. கவுன்ட்டி ரேட் ஆயிரம் டாலருக்கு 1.10, அப்போ 770 டாலர் கட்டியிருந்தா விலை 7 லட்சம் டாலர். சில சிட்டி தனியா வேற டாக்ஸ் போடும், அதையும் சேத்து வகுத்தா கணக்கு எங்கயோ போயிடும். அதுக்கு கீழயே ரெண்டு கட்டம் இருக்கும், ஒண்ணு முழு மதிப்புக்கு டாக்ஸ், இன்னொண்ணு வாங்குறவர் தலையில அப்படியே தொடருற கடனைக் கழிச்சது போக மீதிக்கு. ரெண்டாவதுல டிக் இருந்தா நீங்க கண்டுபிடிச்சது முழு விலையே இல்ல. நிறைய கவுன்ட்டி ஆன்லைன்ல இண்டெக்ஸ் (பத்திரங்களோட பட்டியல்) மட்டும் தான் காட்டும், டீட் காப்பியை ரெக்கார்டர் ஆபீஸ்ல (பத்திரம் பதியுற இடம்) கேட்டு வாங்கிடுங்க, அலுப்பு பாக்காதீங்க.

பதில் (நிலஅளவு):
மேல சொன்னது சரி, ஆனா எனக்கு விலையை விட யார் யாருக்கு வித்தாங்கங்கறது தான் முதல்ல. குவிட்க்ளெய்ம் (உத்தரவாதம் இல்லாம தன் உரிமையை மட்டும் விட்டுக் குடுக்குற டீட்), புருஷன் பொண்டாட்டிக்குள்ள மாத்துனது, ட்ரஸ்டுக்கு எழுதுனது இதெல்லாம் பொதுவா மார்க்கெட் விற்பனை கிடையாது. டாக்ஸ் சைபர்னு போட்டு பக்கத்துல 11930-னு செக்ஷன் நம்பர் இருந்தா பரிசாவோ வாரிசுரிமையாவோ போனது, தூக்கிப் போட்டுடுங்க. ட்ரஸ்டீஸ் டீட்னா கடன் கட்டாம ஏலம் போன வீடு, அதையும் சாதாரண விற்பனையோட சேக்காதீங்க.

இன்னொண்ணு, காசு கட்டிப் பாக்குற டேட்டா சைட்டுகள்ல மூணு பார்சல் (தனித்தனி நம்பர் உள்ள மனை) ஒரே டீட்-ல போயிருந்தா மூணுக்கும் எதிர்ல மொத்த விலையையே போட்டுடுவாங்க. டாக்குமென்ட் நம்பர் ஒண்ணா இருக்கானு பாக்காம ஒரு பார்சலை மட்டும் கம்பேரபிளா எடுத்தா ரிப்போர்ட்டே கெட்டுச்சு. இந்த ஒரு விஷயத்துல மட்டும் தயவு செஞ்சு அவசரப்படாதீங்க, பேங்க் உங்க நம்பரை நம்பி தான் கடன் குடுக்குது.

பதில் (கிழக்குவாசல்):
சதுர அடியும் அப்படித்தான். கராஜை ரூமா மாத்தியிருப்பாங்க, பர்மிட் எடுக்கலன்னா அசெசர் ரெக்கார்டுல பெரும்பாலும் ஏறாது, சிட்டி பில்டிங் டிபார்ட்மென்ட்ல பர்மிட் ஹிஸ்டரி கேட்டுப் பாருங்க. அப்புறம் ரெக்கார்டிங் தேதி வேற, விலை பேசி கையெழுத்துப் போட்ட தேதி வேற. எஸ்க்ரோ (பணத்தையும் பத்திரத்தையும் நடுவுல ஒருத்தர் வச்சு கைமாத்தி விடுறது) முடியுறப்போ தான் ரெக்கார்டு ஆகும், மார்க்கெட் வேகமா ஏறுற இறங்குற சமயத்துல அந்த இடைவெளியே பெரிய வித்தியாசம். முடிஞ்சா வாங்குனவர் இல்ல வித்தவர், அவங்க ஏஜென்ட் இருந்தா அவர், யாராவது ஒருத்தர்கிட்ட போன்ல உறுதி பண்ணிட்டு, யார்கிட்ட கேட்டீங்கன்னு ஒர்க்ஃபைல்ல (அந்த ரிப்போர்ட்டுக்கான உங்க ஆதார ஃபைல்) எழுதி வைங்க.