கன்ஸ்ட்ரக்டர் டீஃபால்ட்டில் மாட்டிய அனுபவங்களைச் சொல்லுங்கள்

கன்ஸ்ட்ரக்டர் என்றால் ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் ஃபங்ஷன். டீஃபால்ட் என்றால் நாம் எதுவும் கொடுக்காவிட்டால் அது எடுத்துக்கொள்ளும் மதிப்பு. நானே தொடங்குகிறேன். ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பைத்தானில் பில்லிங் செய்து கொடுத்தேன். முதல் நாள் ராத்திரியே கடைக்காரர் போன் பண்ணினார். "தம்பி, நாலாம் டேபிள்ல ரெண்டு தோசைதான். பில்லு முழ நீளத்துக்கு வருது. கஸ்டமர் சண்டைக்கு நிக்கிறார்." சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். அடுத்த பில் சரியாக வந்தது. பத்து நிமிஷத்தில் திரும்பவும் போன். அன்றைக்கு மீதி வியாபாரம் முழுக்க அவர் கையாலேயே பில் எழுதினார்.

கோடு இதுதான்:

டெஃப் __இனிட்__(செல்ஃப், டேபிள், ஐட்டம்ஸ்=[]):
    செல்ஃப்.ஐட்டம்ஸ் = ஐட்டம்ஸ்

பார்சல் ஆர்டர் எதிலும் தப்பு இல்லை. அங்கே லிஸ்டை நானே கொடுத்துவிடுவேன். டேபிள் ஆர்டர்தான் காலியாகத் தொடங்கி ஒவ்வொன்றாகச் சேரும். வீட்டில் சோதித்தபோது ஒரே ஒரு ஆர்டர் போட்டு நிறுத்திவிடுவேன், அதனால் கண்ணில் படவில்லை.

ஃபங்ஷனை வரையறுக்கும் அந்த டெஃப் வரி ஓடுவது ஒரே தடவை. டீஃபால்ட் லிஸ்டும் அப்போதே உருவாகிவிடும். பிறகு லிஸ்ட் கொடுக்காமல் உருவாக்கும் எல்லா ஆர்டருக்கும் அதே லிஸ்ட்தான். ஆர்டர்.__இனிட்__.__டீஃபால்ட்ஸ்__ என்று பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். தோசை, பரோட்டா, ஆம்லெட் என்று எல்லா டேபிள்காரர்களும் கேட்டது அத்தனையும் அதில் வரிசையாகக் கிடந்தது. வயிற்றைக் கலக்கிவிட்டது.

இப்போது ஐட்டம்ஸ்=நன் (பைத்தானில் 'எதுவும் இல்லை') என்று வைத்து, உள்ளே நன் என்றால் மட்டும் புது லிஸ்ட் போடுகிறேன். 'ஐட்டம்ஸ் ஆர் []' என்று சுருக்கி எழுதாதீர்கள். கூப்பிடுகிறவர் வேண்டுமென்றே ஒரு காலி லிஸ்டைக் கொடுத்து, பிறகு அதைப் பார்க்க நினைத்திருந்தால், அதைத் தள்ளிவிட்டு வேறொன்றைப் போட்டுவிடும்.

*

சி ஷார்ப்பில் எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. அதன் 4.0 பதிப்பில், 2010இல், ஆப்ஷனல் ஆர்க்யுமெண்ட், அதாவது டீஃபால்ட் இருப்பதால் கொடுக்காமல் விடக்கூடிய மதிப்பு, வந்தது. எங்கள் பொது லைப்ரரியில் ஒரு கன்ஸ்ட்ரக்டருக்கு டைம்அவுட் (காத்திருக்கும் நேரம்) டீஃபால்ட் 30 நொடி. பெரிய ரிப்போர்ட்டுகள் பாதியில் அறுந்துபோனதால் 90 ஆக்கி, அந்த ஒரு டிஎல்எல்லை (கம்பைல் செய்த லைப்ரரி ஃபைலை) மட்டும் சர்வரில் மாற்றினோம். ஆனாலும் 30 நொடியிலேயே அறுந்தது. தப்பான ஃபைலைப் போட்டுவிட்டோமோ என்று மூன்று முறை பார்த்தேன். டீஃபால்ட் மதிப்பு லைப்ரரியில் இருந்து ஓடும்போது எடுக்கப்படுவதில்லை. கூப்பிடுகிற கோடைக் கம்பைல் செய்யும்போதே அந்த 30 அதற்குள் பதிந்துவிடுகிறது. கூப்பிடும் புரோகிராம்களையும் மறுபடி கம்பைல் செய்த பிறகுதான் 90 வேலை செய்தது. வெளியார் பயன்படுத்தும் கிளாஸ் என்றால் இப்போது நான் தனி ஓவர்லோடுதான் எழுதுகிறேன், அதாவது அந்த ஆர்க்யுமெண்ட் இல்லாத இன்னொரு கன்ஸ்ட்ரக்டர். அதில் எண் லைப்ரரிக்குள்ளேயே இருக்கும்.

*

ஜாவாஸ்கிரிப்ட்காரன் நான். திஸ்.தள்ளுபடி = தள்ளுபடி || 10 என்று எழுதியிருந்தேன். || என்பது 0-ஐயும் இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும், அதனால் தள்ளுபடி 0 என்று தெளிவாகக் கொடுத்தவருக்கும் 10 போனது. 2015இல் வந்த டீஃபால்ட் பாராமீட்டருக்கு மாறினேன். 0 சரியானது, ஆனால் அது அன்டிஃபைன்டுக்கு, அதாவது மதிப்பே கொடுக்காதபோது, மட்டும்தான் வேலை செய்யும். சர்வர் நல் ('காலி' என்று குறிக்கும் மதிப்பு) அனுப்பினால் நல்லே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். இன்று இரட்டைக் கேள்விக்குறி (??) ஆபரேட்டர்தான் என் வழி. அது நல், அன்டிஃபைன்டு இரண்டுக்கும் டீஃபால்ட் போடும், 0-ஐ விட்டுவிடும்.

*

முதலில் எழுதியவன்தான். ஆர்டர் கிளாஸை டேட்டாகிளாஸாக மாற்றிவிட்டேன். கன்ஸ்ட்ரக்டரைத் தானே எழுதிக்கொள்ளும் வகை அது, பைத்தான் 3.7இல் இருந்து இருக்கிறது. அதில் லிஸ்டை டீஃபால்ட்டாக வைத்தால் கிளாஸ் உருவாகும்போதே வேல்யூஎரர் வந்து தடுக்கும், டீஃபால்ட்_ஃபேக்டரி, அதாவது ஒவ்வொரு ஆர்டருக்கும் புதிதாக டீஃபால்ட்டை உருவாக்கும் ஃபங்ஷன், கொடுக்கச் சொல்லும். ஆனால் நேரம்=டேட்டைம்.நவ்() (இப்போதைய நேரம்) என்று எழுதினால் அது தடுப்பதில்லை. சர்வர் எழுந்த நேரமே எல்லா பில்லிலும் அச்சாகும். அதற்கும் ஃபேக்டரி வைத்துவிட்டுத்தான் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.