தவணைக்கு மட்டும் பிள்ளை விட்டால் ஓகஸ்ட் காசு யாருக்கு?

வெம்பிளி_வாசல்
இங்கிலாந்தில வீட்டில வைச்சுப் பிள்ளை பார்க்கிற சைல்ட்மைண்டர் நான். ஜூலை கடைசி வெள்ளி. பிள்ளையின்ர பையைத் தோளில போட்டுக்கொண்டு கதவடியில நிண்டு தாய் கேட்டது: "ஓகஸ்டில ஒருநாளும் வரமாட்டான், பிறகேன் காசு?" இன்னும் காதுக்க நிக்குது.

பள்ளித் தவணைக்கு (டெர்ம்) மட்டுமான ஒப்பந்தம், விடுமுறையில பிள்ளை வராது. கிழமைக்கு 3 நாள், நாளுக்கு 8 மணித்தியாலம், மணிக்கு 6 பவுண்: கிழமைக்கு 144. 38 கிழமைக்கு 5,472. 12ஆல பிரிச்சா மாதம் 456. செப்டெம்பரில இருந்து ஜூலை வரைக்கும் 11 மாதத்துக்கு வந்தது 5,016. 38 கிழமையும் பார்த்து முடிஞ்சுது. மிச்ச 456, பார்த்த வேலைக்கு வரவேண்டிய காசு, ஓகஸ்ட் காசில்லை. ஒப்பந்தத்தில "மாதம் 456" எண்டு மட்டும் எழுதி, அது எப்பிடி வந்தது எண்டு எழுதாம விட்டதுதான் பிழை.

கணக்குல_புலி
கிறிஸ்துமஸோட நின்னாலும் இதே தகராறுதான் அக்கா. இலையுதிர் டெர்ம் 14 வாரம்னு வச்சுக்கங்க. பார்த்தது 2,016, நாலு மாசத்துல கட்டினது 1,824. பெற்றோர் 192 தரணும். ஜனவரியில சேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் கட்டிட்டு நின்னா அப்படியே தலைகீழ்: 24 வாரம் 3,456, கட்டினது 3,648. நாமதான் 192 திருப்பித் தரணும். அதனால ஒப்பந்தத்துல ஒரே வரி போதும்: "நிற்கும்போது, வந்த வாரங்கள் பெருக்கல் வாரக் கட்டணம், அதில் கட்டியது கழித்து மீதி." ரெண்டு பக்கமும் வெட்டுற மாதிரி எழுதினாத்தான் பெற்றோரும் கையெழுத்துப் போடுவாங்க.

ஹாஃப்டெர்ம்
38 என்ற எண்ணிலேயே கோளாறு. இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு 190 நாள், அதுதான் 38 வாரம். டீச்சர்களுக்கு 195. மீதி 5 நாள் இன்செட், அதாவது டீச்சர்களுக்கு மட்டும் பயிற்சி நாள். அன்றைக்கு டீச்சர் வேலைக்குப் போவார், அவர் குழந்தை நம் வீட்டுக்கு வரும். டெர்ம்-டைம் கேட்பவர்களில் டீச்சர்கள் ஏராளம், அவர்களுக்கு 39 என்று போடுங்கள். எந்தப் பள்ளியின் தேதி என்பதையும் எழுதுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கவுன்சில்களிலேயே விடுமுறை பொருந்தாது, அகாடமிகள் (கவுன்சிலின் கீழ் வராத அரசுப் பள்ளிகள்) தங்கள் தேதியைத் தாங்களே வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு செப்டம்பரும் தேதிப் பட்டியலை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

பழைய_சைல்ட்மைண்டர்
மன்னிக்கவும், மேலே எல்லோரும் பிரித்து வாங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். அடிப்படையே தப்பு. வருடத்தின் மீதி 14 வாரம் இடத்தைச் சும்மா பிடித்து வைத்துவிட்டு 38 வாரக் காசு மட்டும் வாங்கினால் நஷ்டம் நமக்குத்தான். ஏன் என்றால், நாம் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய உச்சம் 8 வயதுக்குக் கீழே மொத்தம் 6 பேர், அதில் பள்ளி வயதுக்கு முந்தைய சின்னஞ்சிறுசுகள் 3, ஒரு வயதுக்குக் கீழே ஒன்று. கோடையில் ஆறு வாரத்துக்கு மட்டும் கைக்குழந்தையை யார் கொண்டுவந்து விடுவார்கள்? வருவது பள்ளிப்பிள்ளைகள். பள்ளிக்கு முன்னும் பின்னும் அல்லது விடுமுறையில் மட்டும் வரும் 4, 5 வயதுக்காரர்கள் அந்த மூன்றில் சேர மாட்டார்கள், ஆறில்தான் சேருவார்கள். ஆக, ஏற்கெனவே உள்ள மூன்று பள்ளிப்பிள்ளைகளோடு நாலாவது பள்ளிப்பிள்ளை கிடைத்தால்தான் டீச்சர் குழந்தை விட்டுப்போன இடம் நிரம்பும்.

எனவே விடுமுறைக்குப் பாதிக் கட்டணம் ரிடெய்னர், அதாவது இடத்தைப் பிடித்து வைப்பதற்கான காசு. நம் சொந்த விடுப்பு 4 வாரத்தைக் கழித்துவிடுங்கள்; நாமே கதவைப் பூட்டிவிட்டு ரிடெய்னர் கேட்பது அழகல்ல. 10 வாரம் × 72 = 720. மொத்தம் 6,192, மாதம் 516. ரிடெய்னர் பிடிக்காதென்றால் மணிக் கட்டணத்தைக் கூட்டுங்கள்: 6,192ஐ 38 வாரத்தின் 912 மணியால் வகுத்தால் ஏறக்குறைய 6.80. ரிடெய்னர் வாங்கும் இடத்தில் வேறு பிள்ளையை வைத்து இரண்டு காசும் வாங்காதீர்கள், கட்டாயம் வெளியே தெரிந்துவிடும்.

விடுமுறைப் பிள்ளைகளுக்குத் தனி விலை. டெர்மில் பள்ளி முடிந்து மூன்று மணி நேரத்துக்கு வந்த பிள்ளை காலை 8 முதல் மாலை 6 வரை இருக்கும். மதியச் சாப்பாடு, வெளியே போகும் செலவு எல்லாம் உண்டு. டெர்ம் முடிய 4 வாரம் முன்பே நாட்களைக் கேட்டுக் காசையும் வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் வெயில் அடித்தால் பாட்டி வீடு, மழை பெய்தால் நம் வீடு. டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேர் (பிள்ளை பராமரிப்புக்கான அரசு உதவிக் கணக்கு) வைத்திருக்கும் பெற்றோருக்கும் சொல்லுங்கள்: 8 பவுண்டு போட்டால் அரசு 2 சேர்க்கும், ஆனால் அரசு சேர்ப்பது மூன்று மாதத்துக்கு 500தான் உச்சம். கோடைக் காசை வருடம் முழுக்கக் கணக்கில் போட்டு வைப்பது நல்லது.

கணக்குல_புலி
ஐயா, அரசு காசுல வாரத்துக்கு 30 மணி நேரம் இலவசமா வர்ற குழந்தைக்கு இந்த ரிடெய்னர் செல்லாது. அந்த நேரத்துக்கு மேல்தொகை கிடையாது, இடம் தர நிபந்தனையாவும் வைக்க முடியாது. வேற வழி, 38 வாரத்துக்கான 1,140 மணியை கூடுதல் வாரங்களுக்கு நீட்டிக் கொடுக்கிறது: 48 வாரம்னா வாரத்துக்கு 23.75, 51 வாரம்னா 22.35. அப்ப இடமும் காலியா கிடக்காது.

பழைய_சைல்ட்மைண்டர்
நான் சொன்னது காசு கட்டும் மணிகளுக்கு. நன்றாகப் படியுங்கள்.

வெம்பிளி_வாசல்
ஹாஃப்டெர்ம் சொன்னதுக்குப் பிறகு வரவுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தன். அந்தத் தாய் ரீச்சர். இன்செட் நாள் மூண்டு கிடக்கு. நாளுக்கு 48 படி 144 பவுண், பில்லில எழுதவே இல்லை.