பழைய ஏர் ரைபிள்: கேட்கும் விலைக்குத் தேறுமா?

வணக்கம் உறவுகளே. மகளுக்கு 10 மீட்டர் குறி பழக்க, மண்டபம் ஊரில் ஒருவரிடம் பழைய ஏர் ரைபிள் (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) பார்த்திருக்கிறேன். ஜெர்மனியின் டயானா 35 மாடலைப் பார்த்து நம் நாட்டில் செய்த நகல். குண்டு அளவு 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ., பேரலை (குழலை) மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் மாடல். 7,500 ரூபாய் கேட்கிறார், பில் இல்லை. விலை சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில் யாரும் இல்லை.

கடலோர வீட்டில் பல வருஷம் சும்மா கிடந்த துப்பாக்கி. மேலே பாலிஷ் பளபளக்கிறது. கட்டையைக் கழற்றினால், மறைந்திருந்த இரும்பில் விரல் நகம் மாட்டும் அளவுக்குத் துருக்குழி. உப்புக்காற்று எங்கே புகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பேரலில் எண்ணெய்த் துணி விட்டுத் துடைத்தேன். முதலில் செம்பழுப்பு, பிறகு சுத்தமாகவே வந்தது. குண்டைச் சுழற்றிவிடும் உள்வரிகள் தெளிவாகத் தெரிகின்றன. பேரல் மடங்கும் இடத்தில் டிஷ்யூ வைத்துச் சுட்டதில் தாள் துள்ளியது, ஆக அங்கே காற்றை அடைக்கும் சீல் கசிகிறது. அது சின்னச் செலவு, மாற்றிக்கொள்ளலாம். பயமெல்லாம் வேறு: பூட்டிய பிறகும் பேரல் பக்கவாட்டில் லேசாக ஆடுகிறது. பேரல் மடங்கும் அச்சான பிவட் போல்ட்டை இறுக்கியும் ஆட்டம் நிற்கவில்லை. 10 மீட்டரில் குண்டுகள் இடவலமாகச் சிதறுகின்றன. ஏற்றும்போது ஸ்பிரிங் கரகரக்கிறது. உள்ளே காற்றை அழுத்தும் பிஸ்டனின் லெதர் வாஷருக்கு எண்ணெய் விட்டும் அந்தச் சத்தம் குறையவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பேரல் ஆட்டத்தையும் துருவையும் கணக்கில் எடுத்தால், இதற்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம்?