வீட்டுக் கணினியில் போலி ஆன்டிவைரஸ்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மூன்றாம் மாடி

அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தென்காசியில் இருக்கிறார். அந்தச் சிவப்புத் திரையைப் பற்றி இந்த மன்றத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திரையை அடைத்துக்கொண்டு எச்சரிக்கை, ஓயாத அலறல், நடுவில் ஒரு தொலைபேசி எண். பஞ்சாங்கம் பார்க்கப் போன ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்டதற்கு ‘அனுமதி’ என்பதை அழுத்தியிருக்கிறார். பத்து நாள் கழித்து அது வந்தது. எண்ணை அழைத்துவிட்டார்.

பேசியவன் வாய்க்கு வாய் ‘சார்’ போட்டுப் பேசி, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றை நிறுவ வைத்தான். பிறகு விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து, சிவப்புக் குறிகளை எண்ணச் சொன்னானாம். எந்த நல்ல கணினியிலும் அவை கணக்கில்லாமல் கிடக்கும். அப்பா விடைத்தாள் திருத்துகிறவர் போலப் பென்சிலை வைத்து எண்ணியிருக்கிறார். “எண்பத்தொன்று வரை எண்ணினேன் அம்மா, அதற்கு மேல் முடியவில்லை” என்றார். 8,999 ரூபாய்க்கு ‘மூன்று வருடப் பாதுகாப்பு’ என்று ஒரு போலி ஆன்டிவைரஸை வாங்கிவிட்டார்.

நான் சென்னையிலிருந்து போய் அந்தப் போலியை நீக்கினேன். பிரவுசரில் அறிவிப்பு அனுமதிகளை ரத்து செய்தேன். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை ஓடவிட்டேன், ஒன்றும் இல்லை என்றது. நிம்மதியாகப் படுத்தேன். இரவு பதினொன்றரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால் கூடத்தில் திரை வெளிச்சம். அப்பா கணினியை அணைப்பதே இல்லை. மவுஸ் அதன் பாட்டுக்கு மேஜையில் கிடக்கிறது, அம்புக்குறி மட்டும் நிதானமாக நகர்ந்துபோய் அப்பாவின் வரவு செலவுக் கோப்பின் மேல் நின்றது. இணைய வயரை எப்படிப் பிடுங்கினேன் என்று நினைவில்லை. பிறகு பார்த்தால் கையில் உடைந்த கிளிப்பின் துண்டு இருந்தது.

அந்தத் தொலைவழிச் செயலியை நான் கவனிக்கவே இல்லை. இந்தப் பக்கம் யாரும் அனுமதி தராமலே உள்ளே வர அதில் ஒரு கடவுச்சொல் போட்டு வைத்திருந்தான். ஊரெல்லாம் முறையாகப் பயன்படுத்தும் செயலி அது, டிஃபெண்டர் அதை எதற்காகப் பிடிக்கப் போகிறது? இப்போதும் அம்புக்குறி ஒரு நொடி தயங்கினால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பழைய எக்ஸ்பி

உங்களுடையது புதுக் காலத்துத் திருட்டு. நான் 2011இல் மாட்டியவன். ‘எக்ஸ்பி செக்யூரிட்டி 2011’ என்ற போலி ஆன்டிவைரஸ் யாருக்காவது நினைவிருக்கிறதா? விண்டோஸ் எக்ஸ்பியில் அந்தப் பெயர், விஸ்டாவில் வந்தால் விஸ்டா செக்யூரிட்டி, விண்டோஸ் 7இல் வந்தால் வின் 7 செக்யூரிட்டி. வீட்டுக்கு வீடு வேறு வேஷம்.

ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் மூன்றெழுத்துப் பெயரில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் கள்ளன் என்று தெரிந்தது. நிறுத்தினேன், கோப்பைத் தேடிப்போய் அழித்தேன். ஐந்து நிமிடம் பெரிய வீரன் நான். அதற்குப் பிறகு எதைச் சொடுக்கினாலும் ‘இதை எந்த நிரலைக் கொண்டு திறப்பது?’ என்று கணினி என்னையே கேட்டது. நோட்பேடுக்கும் அதே கேள்வி, கால்குலேட்டருக்கும் அதே கேள்வி. எந்த நிரலைத் தொட்டாலும் முதலில் அந்தப் போலி ஓடும்படி, விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் மாற்றி வைத்திருந்தார்கள். நான் போலியை அழித்தேன், மாற்றம் அப்படியே இருந்தது.

பிரவுசிங் சென்டருக்குப் போய், அதைச் சரிசெய்யும் சின்ன ரெஜிஸ்ட்ரி கோப்பையும், கள்ள நிரல்களை நீக்கும் மால்வேர்பைட்ஸையும் இறக்கி வந்தேன். எஃப்8 அழுத்தி, அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் நுழைந்து, மால்வேர்பைட்ஸுக்கு ‘எக்ஸ்புளோரர்’ என்று பெயர் மாற்றித்தான் ஓட்ட முடிந்தது. அந்தக் காலத்துப் போலிகள் அதன் பெயரைக் கண்டாலே மூடிவிடும்.

மூன்றாம் நாள் மறுபடி வந்தது. தங்கை கல்யாணப் படங்களை ஸ்டூடியோவிலிருந்து பென்டிரைவில் வாங்கி வந்திருந்தேன். அதில் தானே பரவும் ஒரு புழு நிரல், அது உள்ளே நுழைந்து போலியை மறுபடி இறக்கிக்கொண்டது. ஸ்டூடியோவுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். “எங்கள் கம்ப்யூட்டரில் வைரஸே கிடையாது தம்பி, பாதுகாப்பெல்லாம் பக்காவாகப் போட்டிருக்கிறோம்” என்றார் உரிமையாளர். அவர் தோளுக்குப் பின்னால் அவருடைய திரையில் அதே கேடயம், அதே பச்சைப் பட்டை, ‘ஸ்கேன் நடைபெறுகிறது’ என்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் காட்டித்தான் சொன்னார்.

தறிநாடா

இரண்டையும் படித்தேன். மன்னிக்கவும், இரண்டு பேர் செய்ததும் தவறு.

என் சித்தப்பா வீட்டிலும் வந்தது. மறுநாளே எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவினேன், கதை முடிந்தது. வேற்றாள் உள்ளே வந்து போன கணினியைத் தேடித் தேடிச் சுத்தம் செய்வது, சாவியைத் திருடனிடம் விட்டுவிட்டுப் பூட்டுக்கு எண்ணெய் போடுகிற வேலை.

பழைய எக்ஸ்பி அவர்களே, ஸ்டூடியோக்காரர் மேல் பழி போடுகிறீர்கள். உங்களிடம் இருந்தது அசல் எக்ஸ்பியா? 2011 பிப்ரவரியிலேயே, பென்டிரைவைச் செருகியதும் அதிலிருப்பது தானாக ஓடுவதைத் தடுக்கும் மாற்றத்தை மைக்ரோசாஃப்ட் அப்டேட்டில் அனுப்பிவிட்டது. திருட்டுப் பிரதி பிடிபட்டுவிடும் என்று அப்டேட்டை நிறுத்தி வைத்தவர்களுக்குத்தான் அது வந்து சேரவில்லை.

மூன்றாம் மாடி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இணையத்தைத் துண்டித்தது சரி, அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அடுத்து, வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். அதே கணினியில் மாற்றினால் புதியதும் அவனுக்குப் போகலாம். கார்டை முடக்கி, சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைத்து, சைபர் குற்றத் தளத்தில் புகாரும் பதிய வேண்டும். இதில் நாள் கடத்தக் கூடாது, பணம் கைமாறுவதற்குள் சொன்னால்தான் தடுக்க வழி உண்டு. பிறகு படங்களையும் ஆவணங்களையும் மட்டும் நகலெடுங்கள், நிறுவல் கோப்பு ஒன்றுகூட வேண்டாம். எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்யுங்கள். மனம் வராவிட்டால் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனையாவது ஓட்டுங்கள். விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே அது தேடும், கால் மணி நேரம் ஆகும். டிஃபெண்டரில், எதையெல்லாம் தேடாமல் விட வேண்டும் என்று சொல்லும் ‘விலக்குகள்’ என்ற பட்டியலைக் கட்டாயம் பாருங்கள். அப்பாவுக்கு நிர்வாகி அல்லாத சாதாரணக் கணக்கு ஒன்று போடுங்கள், எதை நிறுவினாலும் உங்கள் கடவுச்சொல் கேட்கட்டும். பிரவுசரில் எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்பக் கேட்கவே கூடாது என்று அமைக்கலாம். விளம்பரத் தடுப்பானும் போடுங்கள்.

இன்னொன்று. பயந்த சுபாவம் உள்ளவர்கள்தான் இதில் விழுகிறார்கள். கொஞ்சம் நிதானித்தால் யாருக்கும் தெரியும்.

கடலை மிட்டாய்

கடைசி இரண்டு வரி இல்லாமல் நிறுத்தியிருக்கலாம் தறிநாடா.

2008 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. வின்ஃபிக்சர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் எல்லாம் அவர்கள் சரக்குதான். ஏமாந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். 2012இல் நீதிமன்றம் விதித்த தொகை 16.3 கோடி டாலருக்கு மேல். அத்தனை பேரும் பயந்தாங்கொள்ளிகளா? தலைமையாசிரியரைக் குறிகளை எண்ண வைத்தானே, அவரை மடக்கியது பயம் இல்லை. கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்கிற குணம். அவன் அதைத்தான் பிடித்துக்கொண்டான்.

ஃபார்மேட் செய்தால் கதை முடிந்துவிடும் என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. நான் ஃபார்மேட் செய்யக் கடையில் கொடுத்தேன். 600 ரூபாய். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாலையே பிரவுசரின் முகப்புப் பக்கம் தானாக மாறி, ‘உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது’ என்று வந்தது. திரும்பக் கொண்டுபோனேன். அந்தப் பையன் கொஞ்சமும் கூச்சமில்லாமல், “ஆபீஸ் கேட்டீர்களே அக்கா, அதைக் காசு கட்டாமல் ஓடவைக்கிற ஆக்டிவேட்டர் போட்டேன். அது ஓட ஆன்டிவைரஸை நிறுத்தித்தான் ஆக வேண்டும்” என்றான். நான் ஆபீஸ் கேட்கவே இல்லை. எல்லோரும் கேட்பார்கள் என்று அவனாகவே போட்டிருக்கிறான். கடை மேஜையில் ஒரு பென்டிரைவ் நூலில் கட்டித் தொங்கியது. வருகிற கணினிக்கெல்லாம் அதே ஒன்றுதான்.

உப்பளம்

சண்டைக்கு நடுவே ஒன்று. அந்தச் சிவப்புத் திரை பெரும்பாலும் வெறும் வலைப்பக்கம்தான். எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், இல்லாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடலாம். திரும்பத் திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா?’ என்று கேட்கும். என் மனைவி மீட்கச் சொல்லிச் சொல்லி ஒரே மாலையில் ஐந்து முறை அதைப் பார்த்தாள். ஆறாவது முறை கணினியின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

தறிநாடா

கடலை மிட்டாய், நான் சொன்னது மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நாமே இறக்கி நிறுவுவதை. கடையில் கொடுப்பதை இல்லை. பயம் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். சித்தப்பாவும் வங்கியில் முப்பது வருடம் இருந்தவர்தான்.

மூன்றாம் மாடி

தறிநாடா சொன்ன விலக்குப் பட்டியலை அன்றே திறந்து பார்த்தேன். சி டிரைவ் முழுவதையும் அதில் சேர்த்து வைத்திருந்தான். டிஃபெண்டர் ‘ஒன்றும் இல்லை’ என்றது அதனால்தான், அது எங்கேயும் பார்க்கவே இல்லை. பட்டியலைக் காலி செய்து முழு ஸ்கேனைத் தொடங்கிவிட்டு, பொதிகை ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிவிட்டேன். கார்டு முடக்கியாயிற்று, கடவுச்சொற்களை என் போனில் மாற்றிவிட்டேன். ரீசெட்டை மட்டும் பொங்கலுக்குத் தள்ளிவைத்தேன். அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: “வைரஸ் என்று எது வந்தாலும் தொடாதீர்கள், மூடிவிடுங்கள்.”

பொங்கலுக்குப் போய்த் திறந்தால் டிஃபெண்டர் மூன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, ‘நடவடிக்கை தேவை’ என்று பத்தொன்பது நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அசல் எச்சரிக்கை. அப்பா ஒவ்வொன்றையும் மூடியிருக்கிறார். அதற்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு, ஸ்கேலால் கோடு போட்டு வரிசை எண், தேதி, மணி, குறிப்பு. மொத்தம் இருபத்தேழு வரி. கடைசி வரி போகியன்று காலை 6.40: ‘மறுபடி வந்தான். மூடிவிட்டேன்.’