ஹெல்மெட், போர்டு, சைக்கிள்னு ஆக்ஷன் கேமராவ மாட்டுற மவுண்ட் கழண்டு விழுந்த அனுபவம் யாருக்காவது இருக்கா? மொதல்ல என்னோடது

போன டிசம்பர்ல ஆழியார்ல இருந்து வால்பாறை ஏறினோம், நான் 350 புல்லட், ஃப்ரெண்டு பின்னாடி அவன் வண்டில. கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு மேலதான் ஹெல்மெட் தாடைல மவுண்ட் ஒட்டினேன். பாக்ஸ்ல தட்டையானது ஒண்ணு வளைஞ்சது ஒண்ணு ரெண்டும் இருந்துச்சு, கைக்குக் கிடைச்ச தட்டையான ஸ்டிக்கர் மவுண்ட்ட எடுத்து, அதுவும் ஹெல்மெட்டுக்கு பாலிஷ் போட்டு பளபளன்னு தொடச்ச கையோட அது மேலயே ஒட்டிட்டேன். ஓரத்துல நகம் நுழையிற அளவுக்கு இடைவெளி தெரிஞ்சுது, கட்டை விரலால ரெண்டு அமுக்கு அமுக்கிட்டுப் படுத்துட்டேன்.

ஒன்பதாவது கொண்டை ஊசி, லோம்ஸ் வியூ பாயின்ட்ல நிறுத்தி கீழ டேம், பாறை மேல வரையாடு எல்லாம் எடுத்தோம், அதுவரைக்கும் கேமரா நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு மேல ஒரு வளைவுல பஸ் ஒண்ணு எறங்கி வந்துச்சு, நான் தலையைத் திருப்பி ஒதுங்கினேன், காத்து அடிச்சுது, டக்னு ஒரு சத்தம். அவ்ளோதான். முக்கால் மணி நேரம் உண்ணிச்செடி முள்ளுக்குள்ள ரெண்டு பேரும் தேடினோம். லென்ஸ் கண்ணாடி நொறுங்கிப் போய் கிடைச்சுது, கார்டு தப்பிச்சுது. ஆனா என்னால மறக்க முடியாதது அந்த மவுண்ட்தான், கேமராவோட சேர்ந்து முழுசா இருக்கு, ஸ்டிக்கர் துளி கூட கிழியல, ஹெல்மெட்ல பசையோட ஒரு பிசுக்கு கூட இல்ல. அதாவது அது ஒட்டவே இல்ல, பாலிஷ் மேல சும்மா உக்காந்திருந்திருக்கு.

அதுக்கப்புறம் தேடிப் படிச்சேன். அந்த ஸ்டிக்கர்ல இருக்கிற விஹெச்பி டேப் (ரெண்டு பக்கமும் ஒட்டுற கெட்டியான டேப்) ஒட்டின உடனே முழு பிடிப்பு பிடிக்காது, 24 மணி நேரமாவது விடணும், முழு பலம் வர 72 மணி நேரம் ஆகும். ஒட்டுற இடத்த ஐசோபுரொப்பில் ஆல்கஹால் போட்டுத் தொடச்சு நல்லா காய விடணும், பாலிஷ் மெழுகு எதுவும் இருக்கக்கூடாது. வளைஞ்ச இடத்துக்கு வளைஞ்ச மவுண்ட்தான், அதுல சமாதானமே வேண்டாம். இன்னொண்ணு, ஒட்டுறதுக்கு பயந்துகிட்டு ஹெல்மெட்ல துளை போட்டு ஸ்க்ரூ முடுக்குறவங்களயும் பாத்தேன், தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க, தலையைக் காப்பாத்துற ஓட்டுல நாமளே ஓட்டை போடக்கூடாது. கீழ விழுந்தா கேமரா பிச்சுகிட்டு போகட்டும், தலை முக்கியம். அதனாலதான் கேமராவுக்கு கட்டுற கயிறக்கூட கழுத்துல மாட்ட மாட்டேன், மெல்லிசா ஒண்ணு ஜாக்கெட் ஜிப்ல.

*

அண்ணா நான் கோவளத்துல சர்ஃபிங் கத்துக்கிட்டு இருக்கேன், எனக்கு கேமரா திரும்பக் கிடைக்கவே இல்ல. கத்துக்கிறவங்களுக்குக் குடுக்கிற போர்டு மேல மெத்துனு ஃபோம் இருக்கும்ல, அது மேல ஸ்டிக்கர் மவுண்ட் நிக்காதுன்னு எனக்கு யாரும் சொல்லல. மூணாவது அலைலயே போச்சு. இந்த கேமரா தண்ணில மிதக்காது, கல்லு மாதிரி உள்ள போயிடும், பத்து மீட்டர் வரைக்கும் தண்ணி தாங்கும்னு போட்டிருக்கிறது உள்ள தண்ணி போகாதுங்கிறதுக்குத்தான். இப்போ சொந்தமா ஃபைபர் போர்டு வாங்கினப்புறம்தான் ஒட்டினேன், கால் வழுக்காம இருக்க போர்டுல தேய்க்கிற மெழுக சுத்தமா சுரண்டி எடுத்துட்டு. கேமராவ மவுண்ட்ல மாட்டுற கிளிப், அதான் பக்கிள், அது சொருகுற இடத்துல ஒரு சின்ன ரப்பர் பூட்டு வரும், நெறைய பேர் அத பாக்ஸோட தூக்கிப் போட்டுடுவாங்க, அலை அடிக்கும்போது பக்கிள் தானா திறக்காம இருக்க அதுதான் காரணம். கேமராவுக்கு ஒரு கயிறு தனியா போர்டுலயும் இருக்கும். கூட்டமா இருக்கிற அன்னைக்கு பல்லால கடிக்கிற மவுண்ட், அதுக்கு மிதக்கிற பட்டை கழுத்துல இல்லாம கையில.

*

நான் சைக்கிள். கொல்லிமலை எழுபது கொண்டை ஊசியும் ஹேண்டில்பார்ல மாட்டி எடுத்தேன், வீட்டுக்கு வந்து பாத்தா பாதிக்கு மேல முன் டயர் மட்டும்தான் தெரியுது. கிளாம்ப் கழண்டு விழல, அதிர்வுல அந்த கை திருகு கொஞ்சம் கொஞ்சமா லூஸ் ஆகி கேமரா தலை குனிஞ்சிருக்கு. ரொம்ப மனசு உடைஞ்சு போச்சு, அந்த ஏத்தம் எனக்கு ஆறு மாசத்து ஆசை. இப்போ பழைய சைக்கிள் டியூப்ப ஒரு பட்டையா வெட்டி பார்ல சுத்தி அது மேல கிளாம்ப் போடுறேன், வழுக்கவும் இல்ல, படமும் முன்ன மாதிரி நடுங்கல. திருக கையால முடிஞ்ச வரைக்கும் முடுக்கிட்டு அதுக்குனு இருக்கிற ஸ்பேனரால கடைசி கால் சுத்து. பத்து வளைவுக்கு ஒரு தடவ நின்னு தண்ணி குடிக்கும்போதே அதயும் தொட்டுப் பாத்துடுவேன்.

*

டியூப் யோசனை ரொம்ப நல்லா இருக்கு தம்பி, புல்லட் பார்ல அப்படியே வேலை செய்யும்னு தோணுது. தங்கச்சி சொன்ன ரப்பர் பூட்டு என் பாக்ஸ்லயும் இருக்கு, இப்பதான் தேடி எடுத்தேன். பழைய ஸ்டிக்கர எடுக்க கத்தி போடாதீங்க, ஹேர் ட்ரையர்ல சூடு காட்டி தூண்டில் நரம்ப உள்ள விட்டு ரம்பம் மாதிரி இழுத்தா வந்துடும். ஹெல்மெட்ட தொடச்சு வச்சிருக்கேன், இன்னைக்கு புதன், ராத்திரிக்குள்ள ஒட்டிடுவேன். ஞாயித்துக்கிழமைதான் வண்டி எடுப்பேன்.