மண்ணீரல் நீக்கத்துக்கு முன் தடுப்பூசி: ரிட்டுக்சிமாப் ஏற்றியிருந்தால் பலன் கிடைக்குமா?

கேள்வி – தட்டணு:
வணக்கம். எனக்கு ஆறு ஆண்டுகளாக ஐடிபி (உடலின் எதிர்ப்பாற்றலே இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை அழிக்கும் நோய்) இருக்கிறது. ஸ்டீராய்டில் ஏறும் தட்டணு எண்ணிக்கை, மாத்திரையைக் குறைத்தவுடன் இறங்கிவிடுகிறது. நான்கு மாதங்களுக்கு முன் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தை நான்கு தவணை ஏற்றியும் 20,000-ஐத் தாண்டவில்லை. ஆகவே மண்ணீரலை எடுத்துவிடலாம் என்று முடிவாகி, அதற்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே நியூமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி வகை) ஆகிய மூன்று பாக்டீரியாக்களுக்கும் தடுப்பூசி போட்டுக்கொள்ளுமாறு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மருந்து உடலில் இருக்கும்போது இந்த ஊசிகளால் என்ன பயன்? ஊசியே தட்டணுக்களை மேலும் இறக்கிவிடாதா?

மறுமொழி – ஆய்வகவாசி:
நான் மருத்துவர் அல்லன். நோயெதிர்ப்பியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். உங்கள் முதல் ஐயம் மிகவும் நியாயமானது.

அந்த மூன்று பாக்டீரியாக்களுக்கும் பொதுவானது அவற்றைப் போர்த்தியிருக்கும் வழுக்கலான சர்க்கரை உறை. வெள்ளணுக்களின் பிடியிலிருந்து நழுவும் அவற்றை இரத்தத்திலிருந்து வடித்தெடுக்கும் முதன்மையான இடம் மண்ணீரல். அந்த உறைக்கு எதிரான எதிர்ப்பொருளை விரைந்து உருவாக்கும் பி செல்கள் என்ற வெள்ளணுக்களும் அதன் விளிம்புப் பகுதியில்தான் திரண்டிருக்கின்றன. உறுப்பு உள்ளே இருக்கும்போதே ஊசி போட்டு, எதிர்ப்பொருள் ஊற அவகாசம் தருவதற்காகத்தான் அந்த இரண்டு வாரக் கணக்கு.

ரிட்டுக்சிமாப் அழிப்பது சிடி20 என்ற அடையாளம் தாங்கிய பி செல்களை. எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களில் அந்த அடையாளம் இல்லாததால், முன்பு போட்ட ஊசிகளால் கிடைத்த பாதுகாப்பு பெரும்பாலும் தங்கிவிடும். புதிய ஊசிக்குப் பதில் சொல்லத்தான் ஆள் இருக்காது. பி செல்கள் திரும்பத் தொடங்கவே பொதுவாக ஆறு மாதம் ஆகும், முழுமையாகத் தேற ஓராண்டு வரை ஆகலாம். எனவே அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட இயலுமா, இரத்தத்தில் பி செல்களை எண்ணிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். தள்ளிப்போட இயலாதெனில் இப்போதே போட்டுக்கொண்டு, பி செல்கள் திரும்பிய பின் மீண்டும் போட்டுக்கொள்வது வீணன்று. (ரிட்டுக்சிமாப் தொடங்கும் முன்பே இவற்றைப் போட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து, அடுத்த படி மண்ணீரல் நீக்கமாக இருக்கலாம் என்பது அப்போதே தெரிந்ததுதானே?)

மறுமொழி – பதினோராண்டு:
தலசீமியாவுக்காக மண்ணீரலை எடுத்துப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மேலே நண்பர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: எல்லா ஊசிகளையும் போட்டுக்கொண்டாலும் காவல் முழுமையாகாது. நியூமோகாக்கஸில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. 23 வகைகளுக்கான ஊசிகூட மற்றவற்றைத் தடுக்காது.

1986-இல் வெளியான ஓர் ஆய்வை என் மருத்துவர் அடிக்கடி சொல்வார். அரிவாள் செல் நோயால் மண்ணீரல் செயலிழந்துவரும் சிறு குழந்தைகளுக்கு நாள்தோறும் இருமுறை பென்சிலின் கொடுத்தபோது 105 பேரில் இருவருக்கே நியூமோகாக்கஸ் தொற்று கடுமையாக வந்தது. வெற்று மருந்து பெற்ற 110 பேரில் 13 பேருக்கு வந்தது, மூவர் இறந்தனர். பெரியவர்களுக்கு அன்றாட மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆனால் காய்ச்சலுக்கான ஆன்டிபயாட்டிக் கைவசம் இருக்க வேண்டும்.

ஒருமுறை நள்ளிரவில் போர்வைக்குள்ளும் பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம். வீட்டிலிருந்த மாத்திரையை விழுங்கிவிட்டு அவசரப் பிரிவுக்குப் போனபோது, பணியிலிருந்தவர் பரிசோதனை முடிவு வரட்டும் என்றார். மடிப்பு கிழிந்த அட்டையைப் பணப்பையிலிருந்து எடுத்து, சிவப்பு மையில் எழுதியிருந்த ‘மண்ணீரல் இல்லை’ என்ற வரியைக் காட்டிய பிறகே நரம்பில் மருந்து ஏறத் தொடங்கியது. அந்த அட்டையை அறுவை சிகிச்சைக்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

மறுமொழி – ஊசிமுனை:
தட்டணு குறைவது பற்றி: தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றும் சேர்ந்த ஊசிக்குப் பின் ஆறு வாரத்துக்குள் ஏறத்தாழ 30,000–40,000 தவணைகளுக்கு ஒன்று என்ற அளவில் இது நேர்வதுண்டு. அது உயிருள்ள வைரஸ் ஊசி; உங்களுக்கு எழுதிய மூன்றிலும் உயிருள்ள கிருமி இல்லை. இருந்தாலும் ஒரு வாரம் கழித்து எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளலாம். 20,000-இல் நான் அதிகம் அஞ்சுவது ஊசி குத்தும் இடத்தில் இரத்தம் கட்டுவதைத்தான். மெல்லிய ஊசி கேளுங்கள். குத்திய இடத்தைத் தேய்க்காமல் குறைந்தது இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

தட்டணு:
மூவருக்கும் நன்றி. இன்று இரத்தவியல் மருத்துவரிடம் கேட்டேன். பி செல் எண்ணிக்கைக்கு இரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவைப் பார்த்த பிறகே அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிப்பதாகச் சொன்னார். அட்டையும் கேட்டு வாங்கிவிட்டேன். தேதி மட்டும் காலியாக இருக்கிறது.