தனித்தனியாக அழைத்தால் பேஜர் அடிக்கிறது, குரூப் பேஜ் மட்டும் பாதிப் பேருக்குப் போவதில்லை. உதவி தேவை

மலையோரம்:
வணக்கம். பென்சில்வேனியாவில் ஒரு தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் இருக்கிறேன். "நீ இன்ஜினியர்தானே" என்று சொல்லி ரேடியோ சமாச்சாரம் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மொத்தம் 6 ஸ்டேஷன். பேஜர் (அழைப்பு வந்தால் அடிக்கும் சின்ன ரேடியோ ரிசீவர்) எல்லாம் இரண்டு டோன் முறை, அதாவது அடுத்தடுத்து வரும் இரண்டு ஒலிகளைக் கேட்டுத் திறக்கும்: முதல் டோன் 1 நொடி, இரண்டாவது 3 நொடி. முதல் டோன் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறும், இரண்டாவது எல்லோருக்கும் 1092.4 ஹெர்ட்ஸ். எல்லோரையும் ஒரே தடவையில் எழுப்ப (அதுதான் குரூப் பேஜ்), அந்த 1092.4-ஐ மட்டும் 8 நொடி விடும்படி என்கோடரில் (டோன்களை உண்டாக்கி ரேடியோவுக்குக் கொடுக்கும் பெட்டி) ஒரு பட்டன் இருக்கிறது.

போன மாதம் வரை ஒரு தொல்லையும் இல்லை. இப்போது அந்தப் பட்டனை அழுத்தினால் 1 முதல் 4 வரை அடிக்கிறது. 5, 6 மூச்சு விடுவதில்லை. தனியாக அழைத்தால் ஆறும் அடிக்கும். 5, 6 இரண்டும் மலைக்கு அந்தப் பக்கம். சிக்னல் எட்டவில்லையோ?

பழையவாக்கி:
சிக்னல் எட்டாவிட்டால் தனி அழைப்பு மட்டும் எப்படிப் போகும்? மலையை விடுங்கள். ஸ்டேஷன் 5-இன் பேஜர் ஒன்றை என்கோடர் பக்கத்திலேயே வைத்து அழுத்திப் பாருங்கள். அப்புறம், அது மற்றவர்கள் வைத்திருக்கும் அதே மாடல்தானா?

ராசு_விஎச்எஃப்:
நேரோபேண்ட் (குறுகலான ரேடியோ சேனல்) கோளாறாக இருக்கலாம். அமெரிக்காவில் 2013 ஜனவரி 1-க்குள் பெரும்பாலான விஎச்எஃப், யுஎச்எஃப் ரேடியோக்காரர்கள் 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலுக்கு மாற வேண்டியிருந்ததே. பழைய பேஜர் வைட்பேண்டிலேயே இருந்தால் ஆடியோ சன்னமாகத்தான் கேட்கும்.

மலையோரம்:
ராசு அண்ணா, அதையும் பார்த்துவிட்டேன், எல்லாம் நேரோபேண்ட்தான். பழையவாக்கி சார் சொன்னபடி 5-இன் பேஜரைக் கொண்டுவந்து என்கோடர் மேலேயே வைத்தேன். ம்ஹூம். மாடல் வேறுதான்: 5, 6-இல் பழைய பேஜர்கள், மற்ற நாலிலும் போன வருடம் வாங்கியவை.

நேற்று ஒரு குறுக்கு வழியும் பார்த்தேன். ஆறு ஸ்டேஷனின் டோன் ஜோடிகளையும் வரிசையாக அடுக்கி அனுப்பினேன். இடைவெளி சேர்க்காமலே 24 நொடி. ஆறும் அடித்தன, கூடவே பக்கத்து ஊர் ஆம்புலன்ஸ்காரர்களும் எழுந்து வந்துவிட்டார்கள்! இரவு 9 மணிக்கு எனக்கு நல்ல அர்ச்சனை.

பழையவாக்கி:
அவர்கள் ஜோடி என்ன? 1092.4-இல் தொடங்குகிறதா?

மலையோரம்:
ஆமாம் சார்! 1092.4, அப்புறம் 669.9. எங்கள் ஸ்டேஷன் 3-இன் முதல் டோன் 669.9.

பழையவாக்கி:
அதுதான். ஸ்டேஷன் 2-இன் இரண்டாவது டோன் முடிந்ததும் 3-இன் முதல் டோன் வருகிறது. உங்களுக்கு அது இரண்டு அழைப்புகளின் ஒட்டு, அவர்கள் பேஜருக்கு அது சொந்தப் பெயர். இரண்டாவது டோன் 1 நொடி கேட்டாலே திறந்துவிடும் பேஜர்கள் உண்டு. அடுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் 3-ஐ முதலில் வையுங்கள்.

ஆனால் அது வைத்தியம் இல்லை. போன மாதம் எதை மாற்றினீர்கள்? எதுவும் மாற்றவில்லை என்று சொல்லாதீர்கள், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மலையோரம்:
மாட்டிக்கொண்டேன். அழைப்பை அனுப்பும் பேஸ் ரேடியோவை மாற்றினோம். ஆனால் என்கோடர் அதேதான், திரையில் 8 நொடி என்றுதான் காட்டுகிறது.

செல்வி_ஆடியோ:
என்கோடர் 8 நொடி கொடுக்கிறது, சரி. காற்றில் 8 நொடி போகிறதா? ஒரு ரேடியோ ஸ்கேனரின் (காற்றில் போவதைக் கேட்கும் ரிசீவர்) ஆடியோவை லேப்டாப்பில் பதிவு செய்து, ஒலியை அலைப் படமாகக் காட்டும் ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து பாருங்கள். என்கோடரை ரேடியோவின் மைக் சாக்கெட்டில்தானே செருகியிருக்கிறீர்கள்?

மலையோரம்:
ஆமாம், முன்பக்க மைக் சாக்கெட்.

பதிவு செய்து பார்த்தேன். முதல் 4 நொடி பட்டையாக, சீராக இருக்கிறது. அப்புறம் எலி வால் மாதிரி மெலிந்துகொண்டே போகிறது, 6-ஆவது நொடியில் வெறும் கோடு. காதால் கேட்டபோது இது எனக்குத் தெரியவே இல்லை!

செல்வி_ஆடியோ:
நினைத்தேன். பல புது ரேடியோக்களில் மைக் பாதையில் இரைச்சல் நீக்கி இருக்கும். பேச்சு ஏறி இறங்கும். ஃபேன், இன்ஜின் ஓசை ஒரே சீராக இருக்கும். சீராக இருப்பதெல்லாம் இரைச்சல் என்று அது முடிவு கட்டிவிடும். உங்கள் 1092.4 அதற்கு ஒரு ஃபேன், அவ்வளவுதான். 3 நொடி டோன் அது சுதாரிப்பதற்குள் தப்பிவிடுகிறது, 8 நொடி டோன் நடுவில் சிக்குகிறது.

எத்தனை நொடி டோன் கேட்டால் குரூப் அழைப்பு என்று எடுத்துக்கொள்வது என்பது பேஜருக்குப் பேஜர் மாறும். உங்கள் புதியவை 4 நொடியிலேயே திறந்துவிடுகின்றன, பழையவை இன்னும் காத்திருக்கின்றன.

என்கோடரைப் பின்பக்க ஆக்சஸரி கனெக்டருக்கு மாற்றுங்கள், இரைச்சல் நீக்கி மாதிரி மைக் வேலைப்பாடுகள் வழியாகப் போகாத ஆடியோ பின்னில். அந்த பின் எது என்பதை மேனுவலில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். லெவலையும் புதிதாக வைக்க வேண்டிவரும்.

ராசு_விஎச்எஃப்:
மெனுவில் இரைச்சல் நீக்கியை அணைத்தால் போதாதா தங்கச்சி?

செல்வி_ஆடியோ:
போதும் அண்ணா, அடுத்த முறை யாராவது ரேடியோவுக்குப் புது புரோகிராம் ஏற்றும் வரை. ஒயர் அப்படி மாறாது.

மலையோரம்:
சனிக்கிழமை மாற்றினேன். முதல் தடவை லெவல் அதிகமாகி டோன் கரகரத்தது. சர்வீஸ் மானிட்டர் (ரேடியோவைச் சோதிக்கும் கருவி) இரவல் வாங்கி, டீவியேஷன் (ஆடியோவால் அலைவரிசை விலகும் அளவு) 2.5 கிலோஹெர்ட்ஸ் வரம்பைத் தாண்டாமல் நன்றாகக் கீழே இறக்கி வைத்தேன். இப்போது பதிவில் 8 நொடியும் ஒரே பட்டை. திங்கள் மாலை 7 மணி டெஸ்டில் ஆறு ஸ்டேஷனிலிருந்தும் பதில் வந்தது.

ஆம்புலன்ஸ்காரர்களுக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்துவிட்டு வந்தேன். அடுக்கு வரிசையை என்கோடரிலிருந்து அழித்தாகிவிட்டது.